வாசலில் கேட்காத கணக்கு



கருத்தரங்குக்குத் தலைமை ஏற்பவர் எந்தக் கட்சியிலும் சேராமல் பேச வேண்டும் என்பது மரபு. இன்றைய பொருளில் எனக்கு ஒரு கட்சி உண்டு. அதை மறைத்துக்கொண்டு நடுநிலை பேசுவது உங்களுக்கு மரியாதை ஆகாது. நிதித்துறையின் தொழில்முறைத் தகுதிகளுக்குக் கணக்கியல் அறிவு கட்டாயம் வேண்டும் என்பது என் கருத்து. எந்தக் கணக்கியல், எவ்வளவு, எப்போது என்பதில் நாம் இந்த அரங்கில் நன்றாகவே மாறுபடலாம்.

பொறியியல் கல்லூரிகளுக்கும் கணிதத் துறைகளுக்கும் பேசப் போகிற ஆசிரியர்கள் அத்தனை பேரும் ஒரு கேள்வியைச் சந்தித்திருப்பீர்கள். "சார், எனக்குப் பற்று வரவு தெரியாது. நான் சிஎஃப்ஏ எழுதலாமா?" விதிப்புத்தகத்தைப் புரட்டினால் விடை எளிது: எழுதலாம். பட்டப்படிப்பு முடித்தவர்களும், முடிக்கும் தறுவாயில் இருப்பவர்களும் எந்தத் துறையில் படித்திருந்தாலும் நிதிப் பகுப்பாய்வாளர்களுக்கான சிஎஃப்ஏ தேர்வின் முதல் நிலைக்குப் பதிவு செய்துகொள்ளலாம். இடர் மேலாண்மைக்கான எஃப்ஆர்எம் தேர்வு கல்வித் தகுதி எதையும் முன்நிபந்தனையாகக் கேட்பதில்லை. பட்டயக் கணக்கர் படிப்பிலேயே வணிகவியல் படிக்காதவருக்கு வாசல் திறந்துதான் இருக்கிறது. மேல்நிலைப் பள்ளியில் எந்தப் பாடப்பிரிவில் தேறியவரும் ஃபவுண்டேஷன் தேர்வு எழுதலாம். வேறு துறைப் பட்டதாரி 60 விழுக்காடு வாங்கியிருந்தால் நேரே இன்டர்மீடியட்டில் சேரலாம். வாசலில் யாரும் கணக்கு கேட்பதில்லை.

கணக்கியல் வேண்டியதில்லை என்பவர்கள் இங்கிருந்துதான் வாதத்தைத் தொடங்குகிறார்கள். சிஎஃப்ஏ முதல் நிலையில் நிதிநிலை அறிக்கைப் பகுப்பாய்வுக்கு உள்ள பங்கு 11 முதல் 14 விழுக்காடு. இரண்டாம் நிலையில் 10 முதல் 15. மூன்றாம் நிலையில் அந்தப் பெயரில் தனிப்பாடமே இல்லை. எஃப்ஆர்எம் முதல் பகுதியின் நான்கு பாடங்களில் கணக்கியல் கிடையாது. பயிற்சி மையங்கள் சில இந்தப் பங்கைக் காட்டியே, "இதில் பாதியை விட்டாலும் தேறிவிடலாம், கணிதத்தில் ஈடுகட்டிக்கொள்ளுங்கள்" என்று பிள்ளைகளுக்கு ஆலோசனை சொல்கின்றன. தேர்வைத் தாண்டுவதற்கு அது உதவலாம். ஆனால் தகுதி என்ற சொல்லுக்குத் தேர்ச்சி என்று மட்டும் பொருள் கொள்வதற்காக நாம் இங்கே கூடவில்லை.

அந்த 11 விழுக்காடு மற்ற பாடங்களுக்குள் எவ்வளவு தூரம் பரவிக் கிடக்கிறது என்று பாருங்கள். பங்கு மதிப்பீட்டுப் பாடத்தில் ஒரு நிறுவனத்தின் எதிர்கால ரொக்கத்தை மதிப்பிடச் சொல்கிறார்கள். அந்த ரொக்கத்துக்கு எப்படி வந்து சேர்கிறோம்? லாபத்தில் தொடங்கி, தேய்மானத்தைக் கூட்டி, நடைமுறை மூலதனம் கூடியதைக் கழித்து, மூலதனச் செலவையும் கழித்து. இந்த நான்கு அடியும் கணக்கியலில் வைக்கும் அடிகள். தேய்மானத்தை ஏன் கூட்டுகிறோம் என்று தெரியாதவர் சூத்திரத்தை ஒப்பிப்பார். நிறுவனம் தேய்மானக் காலத்தை நீட்டிய ஆண்டில் லாபம் ஏன் உயர்ந்தது என்று அவருக்குக் கேட்கத் தோன்றாது.

கணக்கியலே இல்லை என்று சொல்லப்படும் இடர் மேலாண்மையை எடுத்துக்கொள்வோம். 1968இல் எட்வர்ட் ஆல்ட்மன் வெளியிட்ட, நிறுவனம் நொடிக்குமா என்று கணிக்கும் இசட் மதிப்பெண்ணை இன்றும் கடன் இடர் வகுப்பில் நடத்துகிறோம். ஐந்து விகிதங்கள். நடைமுறை மூலதனம், தேக்கிவைத்த லாபம், வட்டிக்கும் வரிக்கும் முந்தைய வருவாய், விற்பனை ஆகிய நான்கையும் மொத்தச் சொத்தால் வகுத்தால் நான்கு விகிதம் கிடைத்துவிடும். ஐந்தாவதில் மட்டும் பங்குச் சந்தை மதிப்பு வருகிறது. அதையும் புத்தக மதிப்பிலுள்ள கடனால்தான் வகுக்கிறோம். கடன் இடரை அளக்க 1974இல் ராபர்ட் மெர்ட்டன் வகுத்த முறை உயர்கணிதத்தில் அமைந்தது. அதை நடைமுறைக்குக் கொண்டுவந்த கேஎம்வி முறையில், நிறுவனம் எந்தப் புள்ளியில் கடன் தவறும் என்பதைக் குறுகிய காலக் கடன் முழுவதும், நீண்ட காலக் கடனில் பாதியும் சேர்த்துக் கணக்கிடுகிறார்கள். இதில் எது குறுகிய காலக் கடன், எது நீண்ட காலக் கடன் என்று பிரித்து வைப்பது யார்? கணக்கர். அவர் ஒரு கடனை வேறு தலைப்பில் வைத்தால் மெர்ட்டனின் கணிதம் பிசகில்லாமல் ஓடித் தவறான விடையைத் தரும்.

இன்னும் அண்மைக்கு வருகிறேன். 2019 ஏப்ரல் 1 முதல் நம் நாட்டில் இந்தியக் கணக்கியல் தரம் 116 நடைமுறைக்கு வந்தது. விமானத்தைக் குத்தகைக்கு எடுத்து ஓட்டும் ஒரு நிறுவனம் ஆண்டுக்கு 100 கோடி ரூபாய் வாடகை கட்டுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். முன்பு அது இயக்கச் செலவு. புதிய தரத்தின்படி அந்தக் குத்தகை, பயன்பாட்டு உரிமை என்ற சொத்தாக ஒரு பக்கமும் குத்தகைப் பொறுப்பாக மறுபக்கமும் இருப்புநிலைக் குறிப்பில் ஏறுகிறது. வாடகை என்ற வரி மறைந்து தேய்மானம், வட்டி என்ற இரண்டு வரிகள் வருகின்றன. விளைவு, சந்தையில் எபிட்டா என்கிறார்களே, வட்டி, வரி, தேய்மானத்துக்கு முந்தைய அந்த லாபம், ஒரே நாளில் 100 கோடி உயர்ந்து நிற்கும். இயக்கத்திலிருந்து வரும் ரொக்கமும் உயரும். ஏனென்றால் குத்தகையின் அசல் பகுதி நிதித் திரட்டல் தலைப்புக்குப் போய்விடுகிறது. கடன் விகிதம் மோசமாகும். நிறுவனத்துக்கு ஒரு ரூபாய் கூட அதிகமாக வரவில்லை, ஒரு ரூபாய் கூட அதிகமாகப் போகவும் இல்லை. 2018-19ஐயும் 2019-20ஐயும் அருகருகே வைத்து, "இந்த நிறுவனத்தின் இயக்கத்திறன் கூடியிருக்கிறது" என்று எழுதும் ஆய்வாளரிடம் எவ்வளவு புள்ளியியல் இருந்து என்ன பயன்?

இது சட்டப்படி நேர்ந்த மாற்றம். வேண்டுமென்றே செய்யப்பட்ட ஒன்றையும் பார்த்துவிடுவோம். 2002 ஜூனில் வேர்ல்ட்காம் என்ற அமெரிக்கத் தொலைத்தொடர்பு நிறுவனம், தன் செலவில் 380 கோடி டாலரைச் சொத்தாக எழுதியிருந்ததை வெளியிட்டது. மற்ற நிறுவனங்களின் தடங்களில் தன் அழைப்புகளைக் கொண்டுசெல்லக் கட்டிய அன்றாடக் கட்டணம் அது. அந்தந்த ஆண்டின் லாபத்திலேயே கழிந்திருக்க வேண்டும். மூலதனச் செலவு என்று எழுதியதால் லாபம் உயர்ந்தது. இங்கே நம் மாணவர்கள் நின்று கவனிக்க வேண்டும். "லாபம் ஒரு கருத்து, ரொக்கம்தான் உண்மை" என்று வகுப்பறைகளில் அடிக்கடி சொல்கிறோம். வேர்ல்ட்காமின் ரொக்க ஓட்ட அறிக்கையும் ஏமாற்றியது. செலவை மூலதனமாக்கியதும் அந்தத் தொகை இயக்க நடவடிக்கையிலிருந்து முதலீட்டு நடவடிக்கைக்கு இடம்பெயர்ந்துவிட்டது. இயக்க ரொக்கம் செழிப்பாகத் தெரிந்தது. ஒரு பதிவு லாப நட்டம், இருப்புநிலை, ரொக்க ஓட்டம் என்ற மூன்று அறிக்கைகளிலும் எங்கெங்கே போய் உட்காரும் என்று தொடரத் தெரிந்தவருக்கே இது பிடிபடும். அதைத் தோண்டி எடுத்தவர் அந்நிறுவனத்தின் உள்தணிக்கைப் பிரிவுத் தலைவர் சிந்தியா கூப்பர்.

"அப்படியானால் கணக்கியல் தெரிந்தவர்கள் எல்லாவற்றையும் கண்டுபிடித்துவிட்டார்களா?" என்று எதிர்க்கட்சி கேட்கும். நியாயமான கேள்வி. 2009 ஜனவரி 7 அன்று சத்யம் மென்பொருள் நிறுவனத்தின் தலைவர் ராமலிங்க ராஜு எழுதிய கடிதத்தை நினைத்துக்கொள்ளுங்கள். 2008 செப்டம்பர் கணக்கில் காட்டிய 5,361 கோடி ரூபாய் ரொக்க, வங்கி இருப்பில் 5,040 கோடி இல்லவே இல்லை என்று அவரே எழுதினார். அந்தக் கணக்குகளில் தணிக்கையாளர்கள் கையெழுத்திட்டிருந்தார்கள். பற்று வரவு அவர்களுக்குத் தெரியாததா? கணக்கியல் அறிவு மட்டுமே போதும் என்று நான் சொல்லவில்லை. கேள்வி கேட்கும் மனமும் நேர்மையும் சேராத இடத்தில் எந்த அறிவும் காவல் நிற்காது. ஆனால் அதே கடிதத்தைப் படித்து, ராஜு எதைச் சொல்கிறார், இல்லாத வட்டி 376 கோடி ஏன் தனியே வருகிறது, கடனாளிகள் ஏன் 490 கோடி மிகையாக இருக்கிறார்கள் என்று புரிந்துகொள்வதற்காவது கணக்கியல் வேண்டும்.

நம் வணிகவியல் துறையினரிடமும் மனம்விட்டுப் பேச வேண்டும். பி.காம். முடித்துவிட்டால் கணக்கியல் தெரியும் என்ற நினைப்பை நான் ஏற்கவில்லை. குறிப்பேட்டுப் பதிவு, பேரேடு, இருப்பாய்வு, இறுதிக் கணக்கு என்று மூன்றாண்டு எழுதிக் கை பழகிய மாணவரிடம் ஓர் உண்மையான ஆண்டறிக்கையைக் கொடுத்துப் பாருங்கள். குறிப்புரைகள் பக்கம் பக்கமாக நீள்வதைக் கண்டு மலைத்துப்போகிறார். இருபுறமும் ஒத்துவர வேண்டும் என்பதையே குறியாக வைத்துப் பயிற்றுவித்திருக்கிறோம். ஒத்துவந்த கணக்கைச் சந்தேகிக்கப் பயிற்றுவிக்கவில்லை. சத்யத்தின் கணக்கும் ஒத்துத்தான் வந்தது. பொறியியல் படித்துவிட்டு வருகிறவர், ஒரு பருவம் முறையாகப் படித்தால், இவரைத் தாண்டிச் செல்வதைப் பார்க்கிறோம்.

இத்தனைக்கும் நல்ல விதை நம் பாடநூலிலேயே இருக்கிறது. தமிழ்நாட்டு மேல்நிலை இரண்டாம் ஆண்டுக் கணக்குப்பதிவியலின் முதல் பாடம் முழுமை பெறா பதிவேடுகளிலிருந்து கணக்குகளை உருவாக்குவது. தொடக்க முதல், இறுதி முதல், எடுப்புகள் இவற்றை வைத்துக்கொண்டு விடுபட்ட லாபத்தைக் கண்டறியச் சொல்கிறோம். மாணவர்கள் அதை ஐந்து மதிப்பெண் கணக்காகக் கடந்துபோகிறார்கள். ஒரு சிறு வணிகரின் கடன் விண்ணப்பத்தைக் கையில் வைத்திருக்கும் வங்கிக் கிளை அலுவலர் நாள்தோறும் செய்ய வேண்டிய வேலை அதுதான். வங்கி ஊழியர்களுக்கான ஜேஏஐஐபி தேர்வின் நான்கு தாள்களில் ஒன்றாகக் கணக்கியலையும் நிதி மேலாண்மையையும் இந்திய வங்கியியல் மற்றும் நிதிக் கழகம் வைத்திருப்பது இதனால்தான் என்று கருதுகிறேன். அறிவியலும் பொறியியலும் படித்துவிட்டு வங்கிக்கு வந்தவர்கள் அந்தத் தாளைச் சுமை என்று புலம்புவதைக் கேட்கிறேன். கடன் பிரிவுக்குப் போனபின் அதன் அருமை தெரியும்.

கணக்கையும் நிதியையும் இருவேறு படிப்பாகப் பிரித்தது பிற்காலம். பர்மாவிலும் மலாயாவிலும் லேவாதேவி நடத்திய நகரத்தார் கடைகளில் சிறுவன் பெட்டியடிப் பையனாகச் சேர்வான். கடையோடு கிடந்து, கணக்கெழுதிப் பழகி, அடுத்தாள் ஆகி, அதன்பிறகே கடன் கொடுக்கும் பொறுப்புள்ள இடத்துக்கு உயர்வான். ஏஜெண்டு கடல்கடந்து நடத்திய தொழிலைச் செட்டிநாட்டில் இருந்த முதலாளி அறிந்துகொண்டது ஐந்தொகையின் வழியாகத்தான். யாருக்குக் கடன் கொடுக்கலாம் என்ற தீர்ப்பும் பேரேட்டின் எழுத்தும் ஒரே ஆளிடம் இருந்தன.

டேலியும் எக்செலும் வந்தபின் இதெல்லாம் எதற்கு என்ற வாதத்துக்கு நீண்ட பதில் தேவையில்லை. மென்பொருள் பதிவைப் போடும். ஒரு செலவு மூலதனமா வருவாய் இனமா என்று முடிவெடுப்பவர் மனிதர். வேர்ல்ட்காமிலும் அப்படித்தான் நடந்தது.

காப்பீட்டுக் கணிப்பியல் பயிலும் நண்பர்களுக்கு ஒரு வார்த்தை. 2023 ஜனவரி 1 முதல் உலக அளவில் நடைமுறைக்கு வந்துள்ள ஐஎஃப்ஆர்எஸ் 17, காப்பீட்டு ஒப்பந்தத்தின் லாபத்தை எந்த ஆண்டில் எவ்வளவு காட்டலாம் என்பதையே மாற்றியமைத்துவிட்டது. அந்தத் தொகையைக் கணிப்பது நீங்கள். கணக்கில் ஏற்றுவது கணக்கர். ஒருவர் மொழி மற்றவருக்குத் தெரிந்தாக வேண்டும்.

இந்த இரண்டு நாள் அமர்வுகளிலிருந்து என்ன விளைய வேண்டும் என்று எனக்குச் சில விருப்பங்கள் உண்டு. வணிகவியல் அல்லாத துறைகளிலிருந்து வருபவர்களுக்கு ஒரு பருவத்துக்கான கணக்கியல் முன்படிப்பை நாமே வகுத்துத் தர வேண்டும். சிஎஃப்ஏ கழகம் 2024 முதல் அடிப்படைப் பகுதிகள் சிலவற்றை, மாணவர் முன்பே படித்திருப்பார் என்று கொண்டு, தேர்வுப் பாடத்திலிருந்து விலக்கி முன்வாசிப்பாக வைத்துவிட்டது. அந்த இடைவெளியை நிரப்பாமல் அனுப்பினால் கட்டணம் கட்டிய பிள்ளை அங்கே தனியாகத் தடுமாறும். முன்படிப்பில் ஐந்து வகைப் பதிவுகளே போதும்: தேய்மானம், கடன் விற்பனை, சரக்கிருப்பு, ஒதுக்கு, குத்தகை. ஒவ்வொன்றும் மூன்று அறிக்கைகளிலும் என்ன செய்கிறது என்று மாணவர் கரும்பலகையில் எழுதிக் காட்டட்டும். பி.காம். வகுப்பிலோ, ஒவ்வொரு மாணவரும் பட்டியலிடப்பட்ட ஒரு நிறுவனத்தின் ஆண்டறிக்கையை எடுத்துக்கொண்டு ஆண்டு முழுவதும் அதன் குறிப்புரைகளோடு பழகட்டும். அறிக்கைகள் இணையத்தில் கட்டணமின்றிக் கிடைக்கின்றன. தமிழ்வழியில் படித்து வந்த பிள்ளைகளுக்காக இந்த முன்படிப்புக்குத் தமிழில் ஒரு கையேடு எழுதப்பட வேண்டும். எழுத முன்வருகிற ஆசிரியர்கள் இன்று மாலைக்குள் செயலாளரிடம் பெயர் கொடுங்கள். முதல் வரைவைப் படித்துத் திருத்தும் வேலையை நான் ஏற்றுக்கொள்கிறேன்.

முதல் அமர்வின் கட்டுரையாளர்களை மேடைக்கு அழைக்கிறேன். என் கருத்தோடு மாறுபடுபவர்கள் தயங்காமல் மறுத்துப் பேசுங்கள்.