சீமைக்கருவையும் நம்ம கண்மாயும்
(பழைய மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரை)



"பத்து நிமிஷம்தான்" என்று செயலாளர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். ஆகவே நேரே கண்மாய்க்கு வந்துவிடுகிறேன். வெளியூரிலிருந்து ஆலங்குடிக்கு வந்தவர்கள் வழியில் பார்த்திருப்பீர்கள். கரை எது, நீர்ப்பிடிப்பு எது என்று தெரியாதபடி சீமைக்கருவை மண்டிக் கிடக்கிறது.

இது நம்ம மண்ணின் மரமில்லை, அமெரிக்கக் கண்டத்து மரம். 1870-களில் விறகுக்காகவும் வறண்ட நிலத்துக்காகவும் வெள்ளைக்காரர்கள் கொண்டுவந்தார்கள். நெற்று இனிக்கும், ஆடு மாடு ஆசையாகத் தின்னும். விதை மட்டும் செரிக்காமல் சாணியோடு விழுந்து, எரு போட்டு விதைத்த மாதிரி முளைக்கும்.

காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சி மழையையே தடுக்கிறது என்று வாட்ஸ்அப்பில் வருகிறதே, அதை நான் ஒப்புக்கொள்வதில்லை. இல்லாததைச் சொல்லித்தான் இந்த மரத்தைத் திட்டணுமா? வரத்து வாய்க்காலை அடைக்கிறது, தன் நிழலில் மற்ற செடிகளைத் தலையெடுக்க விடுவதில்லை. அது போதாதா?

2017-ல் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை அகற்றச் சொன்னதும் ஊரெங்கும் பொக்லைன் சத்தம். அதே ஆண்டு இடைக்காலத் தடையும் வந்தது. 2022-ல் தமிழக அரசு அந்நியத் தாவரங்களுக்கென்று ஒரு கொள்கையே வெளியிட்டது. உத்தரவு காகிதத்தில் இருக்கிறது, தூர் மண்ணுக்குள் இருக்கிறது. எங்க பக்கத்தில் ஏலம் எடுத்தவர் தரைக்கு மேலே வெட்டி விறகை ஏற்றிக்கொண்டு போய்விட்டார். அடுத்த மழைக்கு ஒரு தூரில் பத்துக் கிளை!

நம்ம தாத்தா காலத்தில் சப்பாத்திக்கள்ளி இப்படித்தான் மண்டியது. 1926-ல் இலங்கையிலிருந்து ஒரு பூச்சியைக் கொண்டுவந்து விட்டார்கள், கள்ளிக்காடு கரைந்து போச்சு. 2008-ல் கோவைப் பக்கம் தலைகாட்டிய பப்பாளி மாவுப்பூச்சியையும், 2010-ல் போர்ட்டோ ரிக்கோவிலிருந்து வந்த ஒரு சின்னக் குளவிதான் அடக்கியது. சீமைக்கருவைக்கு நம்ம கையில் அப்படி எதுவும் இல்லை. கடப்பாரையும் மண்வெட்டியும்தான்.

ஆனால் ஒன்று. மழை பொய்த்த வருஷங்களில் கரிமூட்டம் போட்டும் விறகு வெட்டியும் கஞ்சி குடித்த குடும்பங்கள் நம்ம மாவட்டத்தில் உண்டு. அவர்களைக் கேட்காமல் "அடியோடு ஒழி" என்று மேடையில் முழங்க எனக்கு வாய் வரவில்லை. முதலில் கண்மாயும் வாய்க்காலும். தரிசு நிலத்தை அப்புறம் பேசிக்கொள்ளலாம். வெட்டுகிற கூலியும் விறகும் அவர்களுக்கே போகட்டும்.

வேரடித் தூரோடு எடுக்கணும். எடுத்த கரையில் அந்த மழைக்கே பனையோ, புங்கனோ, நாட்டுக் கருவையோ வைக்கணும். கன்றை இரண்டு வருஷம் ஆட்டிடமிருந்து காப்பாற்றணும். மரம் நடும் விழாவில் போட்டோ எடுப்பவர்கள் இதைத்தான் மறந்துவிடுகிறார்கள். ஒவ்வொரு மழைக்கும் பிறகு புதுசாக முளைப்பதை, ஈரம் காய்வதற்குள் கையாலேயே பிடுங்கிவிடலாம். ஒரு வருஷம் விட்டால் கடப்பாரை வேணும்.

சங்கத்திடம் நான் பணம் கேட்கவில்லை. ஐப்பசி மழை விட்டதும் இரண்டு ஞாயிற்றுக்கிழமை, இருபது பேர் வேண்டும். முள் குத்தாத செருப்போடு வாருங்கள். மண்வெட்டியும் சாப்பாடும் என் பொறுப்பு. பெயர் கொடுக்க விரும்புகிறவர்கள் சாப்பாட்டுப் பந்தி முடிந்ததும் என்னைப் பாருங்கள்.