அந்த ஒரு வரி

போன எபிசோடுக்கு அப்புறம் நிறைய பேர் கேட்ட கேள்வி இது: "பிரிட்டன்ல கருணைச் சாவுக்குச் சட்டம் பேசுறாங்களே, நம்ம பார்லிமென்ட்ல யாராச்சும் பேசியிருக்காங்களா?"

முயற்சி நடந்திருக்கு. 2007-ல கேரள எம்.பி. சி.கே. சந்திரப்பன் மக்களவையில ஒரு தனிநபர் மசோதா கொண்டு வந்தார். தனிநபர் மசோதான்னா, அமைச்சரா இல்லாத ஒரு எம்.பி. தன் பேர்ல கொண்டு வர்ற சட்ட வரைவு. குணமாக வழியில்லாம படுத்த படுக்கையா இருக்கறவங்க விரும்பினா உயிரை முடிச்சுக்க அனுமதிக்கணும்ங்கிறது அதோட நோக்கம். இன்னொரு வகையினரையும் அதுல சேர்த்திருந்தாங்க: அடுத்தவர் துணையில்லாம அன்றாட வேலைகளைச் செய்ய முடியாதவங்க.

அந்த வரியில நான் நின்னுட்டேன். ஆலங்குடிப் பக்கம் எங்க ஊர்ல, என் அப்பத்தா கடைசி நாலு வருஷம் அப்படித்தான் இருந்தாங்க. கொல்லைக்குப் போகக்கூட அம்மா கையைப் பிடிக்கணும். "என்னைய சீக்கிரம் கொண்டு போயிட்டா தேவலாம், உங்களுக்கு எம்புட்டுச் சிரமம்"னு தினம் சொல்வாங்க. அதே அப்பத்தா சாயந்திரம் டீ வந்தா, வறுக்கி எங்கன்னு கேப்பாங்க. சாகணும்னு சொன்னது வலியா, பாரமா இருக்கோமேங்கிற கூச்சமா? கூடவே இருந்த எங்களுக்கே தெரியல. ஒரு விண்ணப்பத்தைப் பார்த்து டாக்டருக்கு எப்படித் தெரியும்?

வயசானவங்களை வீட்டாளுங்களே சாகடிக்கிற தலைக்கூத்தல் பத்தி, 2010-ல விருதுநகர் பக்கத்துல இருந்து செய்திகள் வந்துச்சு. அதனால நம்ம ஊர்ல இது வெறும் சட்டக் கேள்வி இல்ல.

பிரிட்டன்ல 2024 அக்டோபர்ல கிம் லெட்பீட்டர் கொண்டு வந்ததும் தனிநபர் மசோதாதான். 18 வயசு ஆனவங்க, 6 மாசத்துக்குள்ள இறந்துடுவாங்கன்னு கணிக்கப்பட்டவங்க, தானா முடிவெடுக்கற மனத்திறன் இருக்கறவங்க, இவங்களுக்கு மட்டும். நவம்பர் 29 ஓட்டெடுப்புல 330-க்கு 275. அப்புறம் ஒரு குழு அதை வரி வரியா அலசினாங்க. முதல்ல உயர் நீதிமன்ற நீதிபதி ஒப்புதல் வேணும்னு இருந்தது. அது மாறி வழக்கறிஞர், மனநல மருத்துவர், சமூகப் பணியாளர் சேர்ந்த குழு ஆச்சு. 2025 ஜூன் 20-ல மறுபடி ஓட்டு: 314-க்கு 291. வித்தியாசம் 55-ல இருந்து 23 ஆயிடுச்சு. மேலவையில ஆயிரத்துக்கு மேல திருத்தங்கள். இழுத்தடிக்கறாங்கன்னு ஆதரவாளர்கள் கோபப்பட்டாங்க. வலியில துடிக்கறவங்களுக்குக் காத்திருக்க நாள் இல்லையே, அந்தக் கோபமும் நியாயம்தான்.

நம்ம மக்களவையில தனிநபர் விவகாரங்களுக்கு வெள்ளிக்கிழமை கடைசி இரண்டரை மணி நேரம்தான். சுதந்திரத்துக்கு அப்புறம் மொத்தம் 14 தனிநபர் மசோதாக்கள்தான் சட்டமாச்சு, கடைசியா 1970-ல. சந்திரப்பன் மசோதா அந்தப் பட்டியல்ல இல்ல. வழி காட்டினது உச்ச நீதிமன்றம்: 2011-ல அருணா ஷான்பாக் வழக்கு, 2018-ல கண்ணியமா இறக்கும் உரிமை, வாழ்வுயில். 2023-ல விதிகளை எளிதாக்கினாங்க. இதெல்லாம் உயிரைப் பிடிச்சு வைக்கற சிகிச்சையை நிறுத்தறதுக்கு மட்டும். ஊசி போட்டு உயிரை எடுக்கறது இன்னைக்கும் குற்றம்தான்.

ஒரே ஆள் கொண்டு வர்ற மசோதாவால என்ன ஆகும்னு புதுக்கோட்டைக்காரங்ககிட்ட கேட்கக் கூடாது. இங்க பொறந்த முத்துலட்சுமி ரெட்டி சென்னை சட்ட மேலவையில தேவதாசி முறையை ஒழிக்க மசோதா கொண்டு வந்தது 1930-ல. சட்டமானது 1947-ல. ஒருத்தர் கதவைத் திறக்கலாம். ஆனா உள்ள நுழையறது யாரோட அப்பத்தான்னு உட்கார்ந்து கேட்க, மத்தவங்களும் வேணும், நேரமும் வேணும். நான் சட்டமே வேண்டாம்னு சொல்லல. அந்த ஒரு வரியை யாராவது கேட்டிருக்கணும்னுதான் சொல்றேன்.

வாழ்வுயில் எழுதறது எப்படின்னு அடுத்த எபிசோட்ல பேசலாம். அதுக்கு முன்னாடி உங்க வீட்டுப் பெரியவங்ககிட்ட ஒரு தடவை கேட்டுப் பாருங்க. அவங்க சொல்ற முதல் பதிலோட எழுந்து வந்துடாதீங்க.