வாரன் மூனுக்குத் திறந்த இரண்டாவது கதவு

இன்று வாரன் மூன் என்ற அமெரிக்கக் கால்பந்து வீரரைப் பற்றிப் பேசப் போகிறேன். இது நாம் அறிந்த கால்பந்து அல்ல. முட்டை வடிவப் பந்தைக் கையில் ஏந்தி ஓடியும், எறிந்தும், எதிராளியோடு மோதியும் ஆடும் ஆட்டம். பக்கத்துக்குப் பதினொரு பேர். தாக்கும் அணியில் பந்தை முதலில் கையில் வாங்குபவரை குவார்ட்டர்பேக் என்பார்கள். எதிரணி எப்படி நிற்கிறது என்று பார்த்துக் கணித்து, வேண்டுமானால் திட்டத்தைக் கடைசி நொடியில் மாற்றி, தன்மேல் பாய்ந்து வருபவர்கள் எட்டிப் பிடிப்பதற்குள் யாருக்குப் பந்தை எறிவது என்று அவர் முடிவெடுக்க வேண்டும். சம்பளமும் புகழும் அவருக்குத்தான் அதிகம், தோற்றால் பழியும் அவருக்குத்தான். கூர்மையான மூளை, பதறாத மனம், பிறரை நடத்திச் செல்லும் திறன் மூன்றும் அந்த இடத்துக்கு வேண்டும் என்பதில் யாருக்கும் மாற்றுக் கருத்து இல்லை. அந்த மூன்றும் கறுப்பின வீரர்களிடம் இருக்காது என்று அணிகளை நடத்தியவர்கள் பல பத்தாண்டுகள் எண்ணிக்கொண்டிருந்தார்கள். கறுப்பின இளைஞர் ஒருவர் கல்லூரியில் குவார்ட்டர்பேக்காக எவ்வளவு சிறப்பாக ஆடியிருந்தாலும், தொழில்முறை ஆட்டத்துக்கு வரும்போது அவரைப் பந்து பிடிப்பவராகவோ தடுப்பாட்டக்காரராகவோ மாற்றிவிடுவது வழக்கமாக இருந்தது.

1956இல் லாஸ் ஏஞ்சலிஸில் பிறந்த மூன், அமெரிக்காவின் தேசியக் கால்பந்து லீகில் 17 பருவங்கள் ஆடி 49,325 யார்டு தூரத்துக்குப் பந்தெறிந்து முன்னேறினார். 291 டச் டவுன்களுக்கு, அதாவது எதிரணியின் கடைசி எல்லைக்குள் பந்தைச் சேர்த்துப் புள்ளி பெறும் தருணங்களுக்கு, எறிந்தார். 2000 பருவத்தோடு அவர் ஓய்வு பெற்றபோது அந்தத் தூரக் கணக்கில் அவருக்கு மேலே டான் மரினோ, ஜான் எல்வே என்ற இரண்டே பேர் இருந்தார்கள். 2006இல் ஓகையோ மாநிலத்தின் கேன்டன் நகரில் உள்ள கால்பந்துப் புகழ்மண்டபத்தில் அவர் சேர்க்கப்பட்டார். அங்கே இடம்பெற்ற முதல் கறுப்பின குவார்ட்டர்பேக் அவரே. இந்த வாழ்க்கையை எல்லோரும் விடாமுயற்சிக் கதையாகத்தான் சொல்கிறார்கள். கதவைச் சாத்தினார்கள், அவர் கலங்கவில்லை, காத்திருந்து வென்றார் என்று. கனவைக் கைவிடாதே என்று பொருள்படும் தலைப்பில்தான் 2009இல் அவருடைய சுயசரிதையும் வெளிவந்தது. தன் வாழ்வை அப்படிப் பார்க்க அவருக்கு முழு உரிமை உண்டு. ஆனால் கேட்கிற நாமும் அதோடு நின்றுவிட்டால், கதவைச் சாத்தியவர்கள் கணக்கிலிருந்து தப்பிவிடுகிறார்கள். மூனை மூனாக்கியதில் அவருடைய மனவுறுதிக்குப் பங்கு உண்டு. அதைவிடப் பெரிய பங்கு, வேறொரு நாட்டில் இருந்த இன்னொரு லீகுக்கு உண்டு. அந்த லீக் இல்லாதிருந்தால் அந்த மனவுறுதி வீணாகியிருக்கும் என்பதே என் வாதம்.

வீணாகியிருக்கும் என்று நான் ஊகித்துச் சொல்லவில்லை. மார்லின் பிரிஸ்கோ என்பவரின் வாழ்க்கையைப் பாருங்கள். 1968இல் டென்வர் பிராங்கோஸ் அணி அவரைத் தடுப்பாட்டத்துக்காகத் தேர்ந்தெடுத்தது. குவார்ட்டர்பேக்காகவும் சோதித்துப் பார்க்க வேண்டும் என்று அவர் கேட்டு வாங்கிக்கொண்டார். அந்தப் பருவத்தில் முதல்நிலை வீரர் காயப்பட, வாய்ப்பு வந்தது. அறிமுக ஆண்டிலேயே 14 டச் டவுன்களுக்கு எறிந்தார். அடுத்த ஆண்டு அவருக்கு அந்த இடத்துக்குப் போட்டியிடக்கூட வாய்ப்புத் தரப்படவில்லை. பஃபலோ அணிக்குப் போய், முன்பின் ஆடியிராத பந்து பிடிக்கும் இடத்தைக் கற்றுக்கொண்டு, 1970இல் லீகின் சிறந்த வீரர்கள் ஆடும் நட்சத்திர ஆட்டத்துக்குத் தேர்வானார். பிறகு மயாமி அணியில், 1972இல் ஒரு தோல்வியும் இல்லாமல் பட்டம் வென்ற அந்தப் புகழ்பெற்ற குழுவில் இருந்தார். இவரிடம் விடாமுயற்சி இல்லை என்று யாராவது சொல்ல முடியுமா? திறமை இருந்தது, உழைப்பு இருந்தது, களத்தில் காட்டிய சான்றும் இருந்தது. ஆனாலும் 1968க்குப் பிறகு அவர் ஒரே ஓர் ஆட்டத்தைக்கூட குவார்ட்டர்பேக்காகத் தொடங்கவில்லை. மூனுக்கும் பிரிஸ்கோவுக்கும் இடையே உள்ள வேறுபாட்டைக் குணத்தில் தேடினால் கிடைக்காது.

மூனுக்கும் அதே அறிவுரை இளமையிலேயே கிடைத்தது: இடத்தை மாற்றிக்கொள். அதனால்தான் பள்ளி முடித்ததும் நேராகப் பெரிய பல்கலைக்கழகத்துக்குப் போகாமல், உள்ளூரில் இருந்த வெஸ்ட் லாஸ் ஏஞ்சலிஸ் கல்லூரியில் சேர்ந்தார். பிறகு சியாட்டிலில் உள்ள வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் டான் ஜேம்ஸ் என்ற பயிற்சியாளர் அவரை நம்பினார். சொந்த அணியின் ரசிகர்களே அவரைக் கூச்சலிட்டு அவமதித்த காலத்திலும் ஜேம்ஸ் அவரை மாற்றவில்லை. 1978 ஜனவரி 2 அன்று ரோஸ் பவுல் என்ற புகழ்பெற்ற கல்லூரி ஆட்டத்தில் மிச்சிகன் பல்கலைக்கழகத்தை வாஷிங்டன் 27-20 என்று வென்றது. மூன் இரண்டு டச் டவுன்களைத் தானே ஓடி எடுத்தார், ஒன்றுக்கு எறிந்தார், சிறந்த ஆட்டக்காரர் விருதையும் பெற்றார். இளைஞர் ஒருவர் தன் திறமைக்கு இதைவிடப் பெரிய மேடையில் சான்று காட்ட முடியாது. அதன்பிறகும் அமெரிக்க லீகில் அவருக்கு முன்வரிசை வாய்ப்பு இல்லை என்றே செய்தி வந்தது. வேறு இடத்தில் ஆடச் சம்மதித்தால் நிலைமை மாறலாம் என்றார்கள். அவர் சம்மதிக்கவில்லை, கனடாவின் எட்மண்டன் அணியோடு கையெழுத்திட்டார்.

இங்கே ஒரு நியாயமான மறுப்பு எழும். அமெரிக்க அணிகள் வீரர்களைப் பங்கிட்டு எடுக்கும் டிராஃப்ட் 1978இல் நடப்பதற்குச் சில வாரங்கள் முன்பே மூன் கனடாவோடு ஒப்பந்தம் செய்துவிட்டார். அப்படியிருக்க அமெரிக்க லீக் அவரை ஒதுக்கியது என்று எப்படிச் சொல்வது? அதே டிராஃப்டில் டக் வில்லியம்ஸ் என்ற கறுப்பின குவார்ட்டர்பேக்கை டாம்பா பே அணி முதல் சுற்றிலேயே, 17ஆவது ஆளாக எடுத்ததே? இரண்டுமே உண்மை. ஆனால் அந்த டிராஃப்டில் 12 சுற்றுகள், 28 அணிகள். கடைசிச் சுற்றுகளில் ஒரு பெயரை எழுதிவைத்தால், அவர் என்றாவது கனடாவிலிருந்து திரும்பும்போது அவர்மீது அந்த அணிக்கு உரிமை இருக்கும். இழப்பதற்குப் பெரிதாக ஒன்றுமில்லை. ரோஸ் பவுலின் சிறந்த வீரருக்கு அந்தச் சிறு மதிப்பைக்கூட யாரும் தரவில்லை. வில்லியம்ஸ் விஷயத்திலும் கொஞ்சம் உள்ளே போய்ப் பார்க்க வேண்டும். டாம்பா பேயின் பயிற்சிக் குழுவில் அப்போது இருந்த ஜோ கிப்ஸ், வில்லியம்ஸ் படித்த கிராம்ப்ளிங் கல்லூரிக்கே போய், அவர் ஆட்டத்தை எப்படிக் கணிக்கிறார் என்று நேரில் சோதித்துவிட்டு வந்து சொன்னார். அதாவது ஒருவர் சோதித்துப் பார்த்தார், வாய்ப்பு கிடைத்தது. முதல் இரண்டு பருவங்களில் 28 ஆட்டங்களில் 26ஐத் தோற்றிருந்த அணியை, வில்லியம்ஸ் ஐந்து ஆண்டுகளில் மூன்று முறை பட்டத்துக்கான பிளேஆஃப் சுற்றுக்குக் கொண்டுபோனார். அப்படியும் மற்ற அணிகளின் மாற்று வீரர்கள் பலரைவிடக் குறைவான சம்பளமே அவருக்குக் கிடைத்தது. அந்த மனக்கசப்போடு அவர் வெளியேறினார். பிறகு 1988 ஜனவரியில், அதே கிப்ஸ் தலைமைப் பயிற்சியாளராக இருந்த தலைநகர் வாஷிங்டனின் அணிக்காக சூப்பர் பவுல் என்ற லீக் இறுதி ஆட்டத்தை வென்று, அந்த ஆட்டத்தின் சிறந்த வீரராகவும் ஆனார். இந்த விதிவிலக்கு என் வாதத்தைப் பலப்படுத்தவே செய்கிறது.

எட்மண்டனில் மூனுக்கு யாரும் சிம்மாசனம் போட்டுக் கொடுக்கவில்லை. முதல் பருவங்களில் டாம் வில்கின்சன் என்ற மூத்த வீரரோடு இடத்தைப் பங்கிட்டுக்கொண்டார். அங்கே கிடைத்தது எளிமையான ஒன்று: நன்றாக எறிந்தால் ஆடலாம், இல்லையென்றால் உட்கார வேண்டும். 1978 முதல் 1982 வரை எட்மண்டன் தொடர்ந்து ஐந்து முறை கனடாவின் கிரே கோப்பையை வென்றது. 1982இல் மூன் ஒரே பருவத்தில் 5,000 யார்டைத் தொட்டார். தொழில்முறை ஆட்டத்தில் அதற்கு முன் யாரும் செய்யாதது அது. அடுத்த ஆண்டு 5,648. கனடாவின் மைதானம் அகலம், நீளம் இரண்டிலும் பெரியது, பந்தெறிவதற்குத் தோதானது, ஆகவே இந்த எண்களை அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது என்பார்கள். சரிதான். அந்த எண்களைத் தள்ளிவிட்டே பேசுவோம். 1984இல் அமெரிக்க அணிகள் அவருக்காகப் போட்டி போட்டன. டிராஃப்டில் யாரும் எடுக்காததால் எந்த அணிக்கும் அவர்மீது உரிமை இல்லை. விரும்பிய இடத்துக்குப் போகலாம் என்ற நிலை. தன்னை எட்மண்டனில் வழிநடத்திய ஹியூ கேம்ப்பெல் பயிற்சியாளராகப் போயிருந்த ஹியூஸ்டன் ஆயிலர்ஸ் அணியை அவர் தேர்ந்தெடுத்தார். அந்த நவம்பரில் அவருக்கு வயது 28. நான் மேலே சொன்ன 49,325 யார்டும் அந்த ஆண்டு முதல், அமெரிக்க மைதானங்களில், அமெரிக்கத் தடுப்பாட்டக்காரர்களுக்கு எதிராக எடுத்தவை மட்டுமே. கனடாவின் 21,228 யார்டு அதில் சேரவில்லை.

ஹியூஸ்டனில் தொடக்கம் மோசம். முதல் பருவத்தில் 16 ஆட்டங்களில் மூன்றே வெற்றி. 1987 முதல் 1993 வரையோ அந்த அணி தொடர்ந்து ஏழு ஆண்டுகள் பிளேஆஃப் சுற்றுக்குப் போனது. 1990 டிசம்பர் 16 அன்று கேன்சஸ் சிட்டியில் மூன் 527 யார்டு எறிந்தார். 1951இல் நார்ம் வான் பிராக்லின் எறிந்த 554க்கு அடுத்ததாக, அன்றைக்கு ஒரே ஆட்டத்தில் எறியப்பட்ட அதிகபட்சத் தூரம் அது. அந்தக் காலத்தில் ஹியூஸ்டன் கையாண்ட ஆட்டமுறை நான்கு பேரைப் பந்து பிடிக்க அனுப்பி ஓயாமல் எறிவது. எண்கள் வீங்கியதற்கு அதுவே காரணம் என்று சொல்பவர்கள் உண்டு. 1994இல் மினசோட்டா போனபோது முறை வேறு, பயிற்சியாளர்கள் வேறு. முப்பத்தெட்டு வயதை நெருங்கியவர் அங்கே அடுத்தடுத்த இரு பருவங்களிலும் 4,200 யார்டுக்கு மேல் எறிந்தார். 1997இல் சியாட்டில் அணிக்கு மாற்று வீரராகப் போய், 41 வயதில் 25 டச் டவுன்களுக்கு எறிந்து, நட்சத்திர ஆட்டத்துக்கு ஒன்பதாவது முறையாகத் தேர்வானார்.

அவர்மீது வைக்கப்படும் பலமான குறை இன்னொன்று. அமெரிக்காவில் அவர் பட்டம் எதுவும் வெல்லவில்லை. பிளேஆஃப் சுற்றுகளில் மூன்று வெற்றி, ஏழு தோல்வி. சூப்பர் பவுலுக்கு ஒருமுறைகூடப் போகவில்லை. 1993 ஜனவரி 3 அன்று பஃபலோவில் நடந்ததை யாரும் மறக்கவில்லை. மூன் முதல் பாதியிலேயே நான்கு டச் டவுன்களுக்கு எறிந்தார். மூன்றாம் கால் பகுதியில் ஹியூஸ்டன் 35-3 என்று முன்னிலை. பிறகு பஃபலோவின் மாற்று குவார்ட்டர்பேக் ஃபிராங்க் ரைக் ஒவ்வொன்றாகத் திருப்பிக்கொண்டே வந்தார். கூடுதல் நேரத்தில் மூன் எறிந்த பந்து எதிரணியின் கையில் சிக்கியது. 41-38 என்று பஃபலோ வென்றது. அந்தக் கடைசி எறி மூனின் பிழை. அதை மழுப்ப வேண்டியதில்லை. ஆனால் 32 புள்ளி முன்னிலையைக் கரைய விட்டது ஹியூஸ்டனின் தடுப்பாட்டம், தடுப்பாட்டத்தின்போது குவார்ட்டர்பேக் களத்திலேயே இருப்பதில்லை. அதைவிட முக்கியமான ஒன்றை இங்கே கவனிக்க வேண்டும். இருபத்தெட்டு வயதை நெருங்கிய பிறகே வாய்ப்புக் கொடுத்துவிட்டு, கோப்பை எங்கே என்று கேட்பது நேர்மையான கேள்வி ஆகாது. கனடாவில்தான் அவர் பக்குவப்பட்டார், சுற்றிப் போனதும் நன்மைக்கே என்று சிலர் ஆறுதல் சொல்வார்கள். பக்குவப்பட்டது உண்மைதான். அவரைப் போலவே பக்குவப்பட வேண்டியிருந்த வெள்ளை இளைஞர்கள் அமெரிக்க அணிகளின் செலவிலேயே, அமெரிக்கப் பயிற்சியாளர்களிடமே பக்குவப்பட்டார்கள். அதையும் சேர்த்துச் சொன்னால்தான் கணக்கு நேராகும்.

இதெல்லாம் பழங்கதை, இன்று நிலைமை மாறிவிட்டது என்பதுதான் கடைசியாகக் கேட்கும் மறுப்பு. பெருமளவு மாறியிருக்கிறது. 2023 பிப்ரவரியில் நடந்த சூப்பர் பவுலில் பாட்ரிக் மஹோம்ஸ், ஜேலன் ஹர்ட்ஸ் என்ற இரு கறுப்பின குவார்ட்டர்பேக்குகள் எதிரெதிரே ஆடினார்கள். அந்த ஆட்டத்தின் வரலாற்றில் அது முதல் முறை. அதை நான் மனமார வரவேற்கிறேன். ஆனால் 2018ஐயும் பாருங்கள். கல்லூரிக் கால்பந்தின் உச்ச விருதான ஹைஸ்மன் கோப்பையை வென்ற லமார் ஜாக்சன், குவார்ட்டர்பேக் வேலையை விட்டுவிட்டுப் பந்து பிடிப்பவராக மாறலாம் என்று அனுபவம் மிக்க முன்னாள் அணி நிர்வாகி ஒருவர் வெளிப்படையாகச் சொன்னார். ஜாக்சனும் மூனைப் போலவே மறுத்தார். முதல் சுற்றின் கடைசி ஆளாக, 32ஆவதாக, பால்டிமோர் ரேவன்ஸ் அவரை எடுத்தது. அடுத்த ஆண்டே, 2019இல், வாக்களித்த அத்தனை பேரும் அவரையே லீகின் மிகச் சிறந்த வீரராகத் தேர்ந்தெடுத்தார்கள். ஜாக்சன் கனடாவுக்குப் போக வேண்டியிருக்கவில்லை. ஒரு பருவத்துக்குள் களத்தில் இறங்க முடிந்ததால் அந்த மதிப்பீட்டின் பிழை ஓராண்டில் வெளிப்பட்டது. மூன் விஷயத்தில் அது வெளிப்பட ஆறு ஆண்டுகளும் வேறொரு நாடும் தேவைப்பட்டன. பிரிஸ்கோவுக்கு இரண்டும் கிடைக்கவில்லை. குவார்ட்டர்பேக்காக அவரால் எவ்வளவு தூரம் போயிருக்க முடியும் என்று இன்றைக்கும் யாராலும் சொல்ல முடியாது.