ஏதிலிச் சிறார்க்கு எழுத்தே அரண்

(ஏற்காட்டில் ஆற்றிய உரை)



இச்சேர்வராயன் மலைமீது உறைவிடப் பள்ளிகள் பல உள. செல்வர்தம் மக்கள் தொலைவினின்று வந்து கற்கின்றனர். மலையிறங்கினால், இதே சேலம் மாவட்டத்துக் குறுக்குப்பட்டியிலும் பவளத்தானூரிலும் ஈழத்தமிழர் குடியிருப்புகள் உள. அங்குள்ள சிறாரைப் பற்றியே பேச விழைகின்றேன்.

1983 ஆடித் திங்களில் சிங்கள வெறியர் தமிழரை வெட்டியும் எரித்தும் கொன்றனர். உயிர் பிழைத்தோர் பலர் கைக்குழந்தைகளுடன் படகேறி நம் கரை சேர்ந்தனர். அவர்க்கு அரிசியும் ஆடையும் அளித்தோம்; நன்று. எழுத்தை அளிப்பவர் யார்?

அவ்வினாவிற்கு ஏதிலியரே விடையிறுத்தனர். 1984-இல் தந்தை செல்வாவின் மகனார் சந்திரகாசன் ஈழ ஏதிலியர் மறுவாழ்வுக் கழகத்தைத் தோற்றுவித்தார். குடியிருப்பிலிருந்த படித்த இளைஞரே ஆசிரியராயினர், மாலைதோறும் வகுப்பெடுத்தனர். உடைமை இழந்தோர் அறிவை ஈந்தனர். இதுவன்றோ அறம்!

1991-இல் இராசீவு காந்தி கொலையுண்டபின் அவ்விளைஞர்க்கு உயர்கல்விக் கதவு அடைக்கப்பட்டது. செய்யாத குற்றத்திற்கு ஒறுப்பு! பின்னரே அது திறந்தது.

2019-இன் குடியுரிமைத் திருத்தச் சட்டமும் ஈழத்தமிழரை விலக்கிற்று. 2021-இல் தமிழக அரசு அக்குடியிருப்புகட்கு மறுவாழ்வு முகாம் எனப் பெயர் சூட்டிற்று. பெயர் மாறியது; ஆயினும் இம்மண்ணில் பிறந்த பிள்ளைகள் பலர் இன்றும் இந்நாட்டுக் குடிகளல்லர். நாடு மறுக்கப்பட்ட பிள்ளைக்குக் கல்வியொன்றே பிறர் பறிக்கவியலா உடைமை.

ஆசிரியத் தோழர்களே! இரங்கியது போதும். மாவட்ட ஆட்சியரின் இசைவு பெற்று, கிழமைக்கொரு மாலையேனும் கீழிறங்குங்கள். தமிழும் கணக்கும் கற்பியுங்கள். அவர் அயலாரல்லர், நம் குருதி.

வாழ்க தமிழினம்!