விடிவெள்ளிக் கொத்தளம்



யாழ்ப்பாணக் கோட்டையின் ஐந்து கொத்தளங்களுக்கும் ஒல்லாந்தர் தங்கள் மாகாணங்களின் பெயர்களை வைத்தார்கள். அவற்றில் ஒன்று உட்ரெக்ட். சின்ன வகுப்புகளில் படித்தபோது இது எங்களுக்குத் தெரியாது. கோட்டை என்றால் எங்களுக்கு ஷெல் புறப்படும் இடம், அவ்வளவுதான். இன்று எங்கள் வகுப்பில் நால்வர் அதே பெயருள்ள உட்ரெக்ட் நகரில் வாழ்கிறோம்.

அந்த நகரைச் சுற்றியும் மதில் இருந்தது. 16 ஆம் நூற்றாண்டில், பேரரசர் ஐந்தாம் சார்ள்ஸ் காலத்தில், அதிலே நான்கு பெரிய கொத்தளங்கள் கட்டினார்கள். சூரியன், சந்திரன், நட்சத்திரம், விடிவெள்ளி என்பவற்றின் பெயர்களை அவற்றுக்கு வைத்தார்கள். முதல் மூன்றும் தெற்குப் புறத்தில் இன்றும் நிற்கின்றன. சூரியக் கொத்தளத்தின் மேல் 1853 இல் வானியல் நிலையம் அமைத்தார்கள். இப்போது அது நூதனசாலை. விடிவெள்ளி மட்டும் இல்லை. நகரம் வளர இடம் வேண்டுமென்று மதில்களை இடித்தார்கள், அதுவும் போயிற்று.

ஆனால் அது நின்ற இடம் தெரியும். வடமேற்கு மூலை. யோன் பிளாவு 1649 இல் வெளியிட்ட நகரப் படத்தைப் பார்த்தால் போதும். அந்த ஊரார் 1970களில் மேற்குப் புறத்து அகழியை வற்றவைத்துப் பெருவீதி போட்டார்கள். பிறகு மனம் மாறி, 2020 இல் பழைய தடத்திலேயே தண்ணீரைத் திரும்ப விட்டார்கள். உண்மையைச் சொன்னால் எங்களுக்குப் பொறாமையாக இருந்தது.

எங்கள் பழைய விடுதிக் கட்டிடத்துக்கு அப்படி ஒரு படம் இல்லை. போரில் கட்டிடம் போனது, அலுமாரியோடு கடதாசிகளும் போயின. போன மாதம் நால்வரும் மேசையில் தாளை விரித்துக் கீறிப் பார்த்தோம். நாலு பேரில் ஒருத்தி வைத்தியர், ஒருத்தி பொறியியலாளர். நேர்கோடு கீறத் தெரிந்தவர்கள்தான். ஆனால் கிணறு சாப்பாட்டறைக்குக் கிழக்கே என்று இருவர், மேற்கே என்று இருவர். படி பதினொன்றா பன்னிரண்டா என்று சண்டையே வந்தது. மேற்றனின் அறை எது என்பதில் மட்டும் ஒருவருக்கும் ஐயமில்லை.

நாங்கள் கண்டது அந்தக் கட்டிடத்தின் கடைசி ஆண்டுகளை. அது புதிதாக வெள்ளையடித்து நின்றதைக் கண்ட அக்காமார் சிலர் இன்று முன் வரிசையில் இருக்கிறீர்கள். வாசல் மேசையில் ஒரு பெரிய வெள்ளைத் தாள் வைத்திருக்கிறோம். பென்சிலும் அழிறப்பரும் உண்டு. சாப்பாட்டுக்குப் போகமுதல் அந்தக் கிணற்றையாவது குறித்துவிட்டுப் போங்கள்.