பேக்கப் முடிந்தது, சரி, எதை எடுத்தது?

(முன்னாள் மாணவர் சங்க ஆண்டுக் கூடலில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



செயலாளர் அண்ணன் போன வாரம் போன் செய்து, "உன் வேலையைப் பற்றி இருபது நிமிடம் பேசுப்பா, பசங்களுக்குப் பயன்படட்டும்" என்றார். "அண்ணே, என் வேலையைப் பற்றிப் பேசினால் பசங்க தூங்கிடுவாங்களே" என்றேன். "சாப்பாட்டுக்கு முன்னாடிதான் உனக்கு நேரம் கொடுத்திருக்கேன், பசியில எவனும் தூங்க மாட்டான்" என்று சொல்லி வைத்துவிட்டார். ஆகவே பசியோடு இருக்கும் உங்களைச் சோதிக்காமல் விஷயத்துக்கு வருகிறேன்.

நான் பேக்கப் இன்ஜினீயர். 2011-ல் இந்தக் கல்லூரியை விட்டு வெளியே போனதிலிருந்து, சில மாதங்கள் தவிர, இதே வேலைதான். எனக்குப் பெண் பார்க்கப் போன ஒரு வீட்டில், "மாப்பிள்ளைக்குப் பேக்கப் வேலை" என்று அப்பா சொன்னதும், "அப்போ மெயின் வேலை எப்போ கிடைக்கும்?" என்று கேட்டார்களாம். அலுவலகங்களிலும் எங்களுக்கு ஏறக்குறைய அந்த மரியாதைதான்.

வேலை என்னவென்று தெரியாதவர்களுக்காக ஒரு நிமிடம். ஒரு கம்பெனியில் நானூறு சர்வர் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். சம்பளக் கணக்கு ஒன்றில், ஸ்டோர்ஸ் இருப்பு ஒன்றில், மின்னஞ்சல் ஒன்றில். இவை எல்லாவற்றுக்கும் பொதுவாக ஒரு பேக்கப் சர்வர் இருக்கும். நானூறு சர்வரிலும் ஏஜென்ட் என்கிற சின்ன மென்பொருளை ஏற்றி, அந்தப் பொது சர்வரில் பெயர் பதிந்துவிடுவோம். ராத்திரி குறித்த நேரத்தில் ஒவ்வொன்றாக விழித்துக்கொண்டு, அன்றைக்கு மாறிய ஃபைல்களை மட்டும் அனுப்பிவிட்டு மறுபடி படுத்துக்கொள்ளும். வந்து சேர்ந்தது முதலில் டிஸ்க்கில் இருக்கும், பிறகு டேப்புக்குப் போகும். டேப் என்றதும் கேசட் காலம் என்று சிரிக்காதீர்கள். எல்.டி.ஓ. ஒன்பதாம் தலைமுறை டேப் ஒன்றில் சுருக்காமலே 18 டெராபைட் அடங்கும். 2011 பிப்ரவரியில் ஒரு மென்பொருள் கோளாறால் கொஞ்சம் பேருடைய ஜிமெயில் பெட்டி காலியாகிப் போனபோது, கூகுள் நிறுவனமே டேப்பிலிருந்துதான் கடிதங்களைத் திரும்ப எடுத்துக் கொடுத்தது.

இந்த இயந்திரங்கள் பெரும்பாலும் ஒழுங்காகத்தான் வேலை செய்கின்றன. டேப் அறுந்தது, டிஸ்க் போனது என்பதெல்லாம் நடக்கும், உடனே தெரியும், மாற்றிவிடலாம். எனக்குத் தூக்கம் கெடுவது பட்டியலால். எந்தெந்த சர்வர் பேக்கப்பில் இருக்கிறது, அந்த சர்வரில் எந்தெந்த டிரைவ் இருக்கிறது என்கிற பட்டியல்.

நம் ஊர் வாக்காளர் பட்டியலை நினைத்துப் பாருங்கள். செத்துப்போன தாத்தா பெயர் இருக்கும், குடி மாறிப் போனவர் பெயர் இருக்கும், பதினெட்டு முடிந்த பிள்ளையின் பெயர் இருக்காது. சர்வர் பட்டியலும் அச்சு அசல் அப்படித்தான். வாக்காளர் பட்டியலில் பெயர் இல்லையென்றால் ஓட்டுப் போடப் போகிற அன்றைக்குத் தெரியும். இதில் பெயர் இல்லையென்றால் வீடு எரிந்த அன்றைக்குத்தான் தெரியும்.

ஒரு மருத்துவமனையின் கதையைச் சொல்கிறேன். பெயரும் ஊரும் வேண்டாம். லேப் சர்வர் ஒரு வெள்ளிக்கிழமை படுத்துவிட்டது. அங்கே பேக்கப்பைப் பார்த்துக்கொண்டவர்கள் வேறு ஒரு நிறுவனத்தார். அவர்களால் முடியாமல் போகவே, எங்கள் கம்பெனியிலிருந்து என்னை அனுப்பினார்கள். நான் போய்ச் சேர்ந்தபோது நிர்வாக அதிகாரி, "தினமும் பேக்கப் ரிப்போர்ட் பச்சையாத்தான் சார் வந்துச்சு" என்று ஒரு கோப்பையே நீட்டினார். உண்மைதான். மூன்று வருட ரிப்போர்ட், ஒரு நாள் விடாமல் பச்சை. சி டிரைவும் டி டிரைவும் அழகாகத் திரும்ப வந்தன. லேப் புரோகிராம் திறந்தது. ஆனால் அதில் இருந்த கடைசி நோயாளியின் பெயர் இரண்டரை வருடத்துக்கு முந்தையது!

நடந்தது இதுதான். இரண்டரை வருடத்துக்கு முன்னால் டி டிரைவ் நிரம்பியிருக்கிறது. புதிதாக ஈ டிரைவ் ஒன்றைப் போட்டு, டேட்டாபேஸை அங்கே நகர்த்தியிருக்கிறார்கள். பழைய பிரதியை அழிக்க மனம் வராமல் டி-யிலேயே விட்டிருக்கிறார்கள். பேக்கப் பட்டியலிலோ சி, டி என்று இரண்டு பெயர்தான். யாரும் ஈ-யைச் சேர்க்கவில்லை. டிரைவைச் சேர்த்தவர் சர்வர் ஆள். பேக்கப் பட்டியல் வேறொருவர் பொறுப்பு. இருவரும் ஒரே மாடியில்தான் உட்கார்ந்திருந்தார்கள். ரிப்போர்ட் பொய் சொல்லவில்லை. எடுக்கச் சொன்னதைத் தினமும் எடுத்திருக்கிறது.

அந்த வாரம் சிறுநீரக மருத்துவர் ஒருவர் லேபுக்கே இறங்கி வந்து, "இந்த அம்மாவுக்குப் போன வருஷம் கிரியாட்டினின் எவ்வளவு இருந்தது? அது தெரியாமல் நான் என்ன முடிவு எடுக்கிறது?" என்று கேட்டதை நான் பக்கத்தில் நின்று கேட்டேன். நல்ல வேளையாக, அந்த லேபில் மூத்த டெக்னீஷியன் அக்கா ஒருவர், கம்ப்யூட்டர் வந்த பிறகும் நோட்டில் எழுதும் பழக்கத்தை விடவில்லை. "இரட்டை வேலை எதுக்கு?" என்று கேலி செய்தார்களாம். அந்த நோட்டுகளைப் பார்த்து மூன்று பேர் மாற்றி மாற்றி ஏழு வாரம் டைப் செய்தார்கள். அதிலும் பாதிப் பரிசோதனைகள்தான் இருந்தன. மீதி போனது போனதுதான்.

பட்டியலில் விட்டுப்போவது சின்ன இடத்தில் மட்டும் நடப்பதென்று நினைத்துவிடாதீர்கள். 2017 ஜூன் 27 அன்று நோட்பெட்யா என்ற வைரஸ் மேர்ஸ்க் என்கிற டென்மார்க் கப்பல் கம்பெனியைத் தாக்கியது. உலகத்தின் மிகப் பெரிய கன்டெய்னர் கப்பல் கம்பெனிகளில் ஒன்று. அவர்களிடம் தனித்தனி சர்வர்களுக்கெல்லாம் மூன்று முதல் ஏழு நாள் பழைய பேக்கப் இருந்தது. ஆனால் யார் உள்ளே வரலாம், யாருக்கு என்ன உரிமை என்று தீர்மானிக்கிற டொமைன் கன்ட்ரோலர் சர்வர்களுக்கு மட்டும் பேக்கப்பே இல்லை. ஏறக்குறைய 150 இருந்தன. ஒன்றை ஒன்று பார்த்து நகல் எடுத்துக்கொள்ளும். ஒன்று போனால் இன்னொன்று இருக்கிறதே என்று நினைத்துவிட்டார்கள். எல்லாம் ஒரே நேரத்தில் போகும் என்று யார் நினைப்பார்கள்? கடைசியில் ஆப்பிரிக்காவில் கானா நாட்டு அலுவலகத்தில் ஒன்றே ஒன்று தப்பியிருந்தது. காரணம், வைரஸ் வருவதற்கு முன் அங்கே கரண்ட் போயிருந்தது! அங்கிருந்து நெட் வழியாக அனுப்பினால் நாள்கணக்கில் ஆகும். டிஸ்க்கைக் கையில் எடுத்து வரலாமென்றால் கானா ஊழியர்களுக்கு இங்கிலாந்து விசா இல்லை. ஒருவர் நைஜீரியா வரை கொண்டுவந்து விமான நிலையத்தில் இன்னொருவர் கையில் கொடுக்க, அவர் இங்கிலாந்துக்கு எடுத்துப் போனார். கரண்ட் கட்டைத் திட்டியே வளர்ந்த நமக்கு இது ஒரு ஆறுதல்.

தென்கொரியாவில் 2025 செப்டம்பர் 26 அன்று தேஜோன் நகரத்து அரசுத் தகவல் மையத்தில் பேட்டரி தீப்பிடித்தது. அரசு ஊழியர்கள் கோப்புகளை வைத்திருந்த ஜி-டிரைவ் என்கிற சேமிப்பகம், 858 டெராபைட், மொத்தமும் போனது. வெளியே பேக்கப் இல்லை. அளவு மிகப் பெரியது, அதனால் எடுக்கவில்லை என்று சொன்னார்கள். இந்த வாசகத்தை நான் எத்தனையோ இடத்தில் கேட்டிருக்கிறேன். "அது ரொம்பப் பெரிசு சார், இப்போதைக்கு விட்டுடுங்க." எனக்கு இதைவிடப் பயமான வாக்கியம் வேறில்லை. பெரிசாக இருப்பதற்குக் காரணமே அதில்தான் எல்லோரும் வேலையை வைத்திருக்கிறார்கள் என்பதுதானே?

மென்பொருளின் நடப்பைப் பற்றியும் கொஞ்சம் சொல்ல வேண்டும், மாணவர்கள் குறித்துக்கொள்ளலாம். ஐ.பி.எம். தயாரிப்பு ஒன்று, 1993-ல் ஏ.டி.எஸ்.எம். என்று வந்து, டிவோலி, ஸ்பெக்ட்ரம் என்று பலமுறை பெயர் மாறி, இப்போது ஸ்டோரேஜ் ப்ரொடெக்ட். என் கை பழகியது அதில்தான். அதில் இணைக்கிற சர்வருக்கு நோடு என்று பெயர். ராத்திரி வேலை முடிந்ததும் ஒரு எண் வரும். 0 என்றால் எல்லாம் வந்தது. 4 என்றால் சில ஃபைல் வரவில்லை. 8 என்றால் எச்சரிக்கை உண்டு. 12 என்றால்தான் தோல்வி. 4 வந்தாலும் 8 வந்தாலும் பக்கத்தில் "முடிந்தது" என்றே எழுதியிருக்கும். மேலாளர் அந்த ஒரு வார்த்தையைத்தான் படிப்பார். வராமல் போன சில ஃபைல்கள் எவை? பெரும்பாலும் அந்த நேரத்தில் யாரோ திறந்து வைத்திருந்தவை. ராத்திரி இரண்டு மணிக்கும் திறந்திருப்பது எது? டேட்டாபேஸ்! ஓடிக்கொண்டிருக்கிற டேட்டாபேஸைச் சாதாரண ஃபைல் மாதிரி நகல் எடுக்கக் கூடாது. அதற்கென்று இருக்கிற தனி ஏஜென்ட் வழியாகவோ, டேட்டாபேஸே எடுத்துக் கொடுக்கிற நகல் வழியாகவோதான் எடுக்க வேண்டும்.

கெட்ட செய்தி வராததால் எல்லாம் நலம் என்று இருந்துவிடுவதும் உண்டு. கிட்லேப் என்ற நிறுவனம், மென்பொருள் எழுதுகிறவர்கள் எல்லோருக்கும் தெரிந்தது. 2017 ஜனவரி 31 இரவு, களைத்துப்போன ஒரு இன்ஜினீயர், துணை சர்வரில் அழிக்க வேண்டியதை முதன்மை சர்வரில் அழித்துவிட்டார். நொடியில் சுதாரித்து நிறுத்தியும் 300 ஜி.பி.யில் மிஞ்சியது 4.5 ஜி.பி. சரி, பேக்கப் எங்கே என்று போய்ப் பார்த்தால் பெட்டி காலி. நகல் எடுக்கிற கருவி 9.2 பதிப்பு, டேட்டாபேஸ் 9.6 பதிப்பு; ஒத்துப்போகாமல் தினமும் தோற்றிருக்கிறது. தோல்வியைச் சொல்லும் மின்னஞ்சல் தினமும் கிளம்பியிருக்கிறது. வாங்கும் பக்கம் அதைச் சரியான கையொப்பம் இல்லாத கடிதம் என்று தள்ளிவிட்டது. வேறு ஒரு தேவைக்காக ஆறு மணி நேரத்துக்கு முன்னால் கையால் எடுத்து வைத்த ஒரு நகல்தான் காப்பாற்றியது. அந்த ஆறு மணி நேரம் போனது. ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். எதையும் மறைக்காமல், மீட்கும் வேலையை யூடியூபில் நேரடியாகவே காட்டி, முழு விவரத்தையும் எழுதி வெளியிட்டார்கள். அந்த இன்ஜினீயரை யாருக்கும் பலி கொடுக்கவில்லை. நம் ஊர்க் கம்பெனிகள் இதில் கற்றுக்கொள்ள நிறைய இருக்கிறது, அதை இங்கே விரிக்கப் போவதில்லை.

இப்போது நான் செய்வது என்னவென்றால், திங்கட்கிழமை காலையில் மூன்று பட்டியலை எடுத்துப் பக்கத்தில் பக்கத்தில் வைக்கிறேன். கம்பெனி வாங்கிய சர்வர்களின் பட்டியல் கணக்குப் பிரிவிலிருந்து, நெட்வொர்க்கில் உயிரோடு இருக்கிற முகவரிகளின் பட்டியல் நெட்வொர்க் ஆளிடமிருந்து, பேக்கப் பட்டியல் என்னிடமிருந்து. மூன்றும் ஒத்துப்போன திங்கட்கிழமை என் வாழ்க்கையில் இன்னும் வரவில்லை. ஒத்துப்போகாதவற்றின் பின்னால் போனால் பாதி வாரம் போய்விடும். ஓய்வு கொடுத்த சர்வரை நோடு பட்டியலில் இருந்து உடனே நீக்கிவிடுவதும் ஆபத்து. நீக்கினால் அதன் பழைய நகல்களும் போய்விடும். ஆடிட்டர் மூன்று வருடம் கழித்து வந்து கேட்பார். பூட்டி மட்டும் வைத்து, எந்தத் தேதி வரை வேண்டும் என்று எழுத்தில் வாங்கிக்கொண்ட பிறகே நீக்குகிறேன். பேக்கப் சர்வரை ஊரார் எல்லோரும் நுழைகிற அதே பாஸ்வேர்டு முறையில் சேர்ப்பதில்லை; பணம் கேட்டு மிரட்டும் வைரஸ்காரன் உள்ளே வந்தால் முதலில் தேடுவது அதைத்தான்.

மாதத்துக்கு ஒரு முறை சீட்டுக் குலுக்கிப் போட்டு மூன்று சர்வரை எடுப்போம். அதன் பேக்கப்பைத் தனியாக ஒரு கம்ப்யூட்டரில் இறக்கி, அந்த சர்வருக்குச் சொந்தக்காரரைக் கூப்பிட்டு, "நேற்று நீங்க போட்ட கடைசி பில்லைத் திறந்து காட்டுங்க" என்று கேட்போம். நாங்களே திறந்து பார்த்தால் ஃபைல் திறந்துவிட்டது என்று திருப்தியாகிவிடுவோம்; உள்ளே இருக்கிற கணக்கு சரியா என்று அவருக்குத்தான் தெரியும். முதல் வருடம் "எங்களுக்கு வேற வேலை இல்லையா?" என்றார்கள். சம்பளப் பிரிவுக்காரர் ஒருவர் தன் பில் வராததைத் தன் கண்ணால் பார்த்த மாதத்திலிருந்து, குலுக்கலில் தன் பெயரும் வரட்டும் என்று அவர்களே கேட்கிறார்கள்.

மூன்றாம் ஆண்டுத் தம்பி தங்கைகளுக்கு ஒரு வேலை வைத்திருக்கிறேன். துறைத் தலைவரிடம் பேசி அனுமதி வாங்கியாயிற்று. மதிப்பெண் சர்வரில் கை வைக்க விடமாட்டார்கள், அது நியாயம்தான். நூலக சர்வரின் பேக்கப் நம் லேபில் இருக்கிறது. அதை ஒரு முறை கூட இறக்கிப் பார்த்ததில்லை என்று நூலகர் ஐயா சிரித்துக்கொண்டே சொன்னார். நாளை காலை பத்து மணிக்கு லேபில் ஒரு பழைய கம்ப்யூட்டரில் அதை இறக்கப் போகிறோம். ஐயாவும் வந்து, போன வாரம் பதிந்த புத்தகங்கள் அதில் இருக்கின்றனவா என்று பார்த்துச் சொல்வதாக ஒப்புக்கொண்டிருக்கிறார். பத்துப் பேருக்குத்தான் இடம். முதலில் வருகிறவர்களுக்கு முன்னுரிமை. டீயும் பன்னும் என் செலவு.