வெறித்துப் பார்க்கும் பிள்ளை

(வெள்ளி விழாவையொட்டி நடந்த பெற்றோர் கூட்டத்தில் பங்குத்தந்தை ஆற்றிய உரை)



சில ஆண்டுகளுக்கு முன் மறைக்கல்வி வகுப்பில் ஏழு வயதுச் சிறுமி ஒருத்தி செபம் சொல்லிக்கொண்டு வந்தவள், பாதியில் நின்றுவிட்டாள். கண்கள் நிலைகுத்தின, இமைகள் மட்டும் படபடத்தன. பத்து வினாடி சென்று, ஒன்றும் நடவாததுபோல் தொடர்ந்தாள். "கவனம் எங்கே?" என்று கடிந்துகொண்டேன். வீட்டிலும் இதைக் கண்ட பாட்டி மருத்துவரிடம் அழைத்துப்போன பின்பே, நான் கடிந்தது குறும்பை அல்ல, நோயை என்று அறிந்தேன். அந்த மன உறுத்தலே இன்று என்னைப் பேச வைக்கிறது.

இதன் பெயர் ஆப்சன்ஸ் வலிப்பு. பெட்டி மால் என்பது பழைய பெயர். வலிப்பென்றதும் விழுந்து, கைகால் வெட்டி, நுரை தள்ளுவதையே நினைக்கிறோம். இதில் பிள்ளை விழுவதில்லை. பெரும்பாலும் நான்கு முதல் பத்து வயதுக்குள் தொடங்கும். சிலர் உதட்டைச் சப்புவர். சிலர் சட்டைப் பொத்தானைத் தடவுவர். கூப்பிட்டாலும் கேளாது; நடந்தது நினைவிலும் இராது. நாளொன்றுக்குப் பலமுறை வரும். பாடம் துண்டு துண்டாகக் காதில் விழுந்தால் மதிப்பெண் எப்படி வரும்?

இதனைக் காட்டிக்கொடுப்பது இ.இ.ஜி. பரிசோதனை. மனித மூளையின் மின்னலைகளை ஜெர்மானிய மருத்துவர் ஹான்ஸ் பெர்கர் 1929-இல் உலகுக்கு அறிவித்தார். 1935-இல் பாஸ்டன் நகரில் கிப்ஸ், டேவிஸ், லெனாக்ஸ் ஆகியோர் இந்நோய்க்குரிய அலையை விவரித்தனர்: ஒரு கூர்முனை, பின்னே ஒரு மெதுவான அலை, வினாடிக்கு மூன்று வீதம், மூளையின் இருபுறமும் ஒருங்கே. தலையில் கம்பிகளை ஒட்டிப் பதிவு செய்வர். வலி இல்லை, மின்சாரம் பாய்ச்சுவதுமில்லை. மூன்று நிமிடம் வேகமாக மூச்சுவிடச் செய்தாலே பெரும்பாலும் அலை வெளிப்பட்டுவிடும்.

மருந்தும் உண்டு. 453 பிள்ளைகளிடம் மூன்று மருந்துகளை ஒப்பிட்ட அமெரிக்க ஆய்வு 2010-இல் வெளியாயிற்று. எத்தோசக்சிமைடும் வால்ப்ரோயேட்டும் ஏறக்குறைய சமமாகப் பயன் தந்தன. கவனத்தைக் கெடுக்காததில் முன்னதே மேல். பலருக்கு வளரும் பருவத்தில் நோய் நீங்கிவிடுகிறது. ஆனால் அண்டை வீட்டார் வலிப்பு மாத்திரையைக் கொடாதீர்கள். கார்பமசிபின் இதனைக் கூட்டிவிடக்கூடும். மருத்துவரைக் கேளாமல் மருந்தை நிறுத்தவும் வேண்டாம்.

நிற்க. ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் தொழிற்சாலைகளில் தாய்க்கு ஒரு ஷிப்டு, தந்தைக்கு ஒரு ஷிப்டு. அந்தப் பத்து வினாடியைக் காண வீட்டில் யார்? ஆகவே பாட்டியும் ஆசிரியையும் சொல்வதைத் தட்டாதீர்கள். வண்டலூர்–வாலாஜாபாத் சாலையில் கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே பத்து வினாடி போதும், உயிர் போக. ஏரியிலும் கிணற்றிலும் அப்படியே. தனியே விடாதீர்கள். ஐயம் எழுந்தால் எழும்பூர் அரசு குழந்தைகள் மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள். ஒருநாள் சம்பளம் போகும், போகட்டும்.

பேயென்று மந்திரிக்க ஓடாதீர்கள், மந்தமென்று அடிக்காதீர்கள். மாற்கு நற்செய்தி 9-ஆம் அதிகாரத்தில், தன் மகனுக்கு நேர்வதையெல்லாம் ஆண்டவரிடம் விவரித்த தந்தையை நினையுங்கள். அவர் பிள்ளையை உற்றுப் பார்த்திருந்தார். அச்சிறுமி நலமடைந்தாள், நான் அவளிடம் மன்னிப்புக் கேட்டேன். உங்களுக்கு அந்நிலை வரவேண்டாம்.